மஞ்சளைத் தின்னும் வெயில்

கையால் அறிவோம் – 14

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் அம்மா அதை நிழலில் காயப்போட விடமாட்டார். “கறை பட்ட பக்கம் மேல தெரியுற மாதிரி வெயில்ல போடு” என்பார். சோப்புக்கு அசையாத மஞ்சள் கறை, சாயங்காலம் பார்த்தால் வெளுத்துப் போயிருக்கும். இந்த வீட்டு அறிவை வைத்துக்கொண்டே படம் எடுக்கலாம். கேமரா வேண்டாம். போன மே மாதம் தெருப் பிள்ளைகள் ஆறு பேருடன் எங்கள் மொட்டை மாடியில் அதைச் செய்தோம்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரையும். அதில் மஞ்சள்தூளைக் கலக்கித் துணியில் வடிகட்டினேன். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் இது பெரியவர் வேலை. அடுப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். வடித்த சாற்றைக் கெட்டியான டிராயிங் தாளில் பூசி, அறைக்குள் வெயில் படாமல் காயவைத்தேன். அதற்குள் பிள்ளைகள் இலை பறிக்கப் போய்விட்டார்கள்.

ஒருத்தி முழுச் செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி முருங்கைக் கீற்று. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தான். “எனக்கு வரைய வராது.” “நீ வரைய வேண்டாம்டா, வெயில் வரையும்” என்றதும் கீழே ஓடி ஒரு வேப்பங்கொத்தோடு வந்தான்.

தாளின் மேல் இலை, அதன் மேல் கண்ணாடி, நான்கு பக்கமும் கிளிப். பத்து மணிக்கு வைத்து ஒரு மணிக்கு எடுத்தோம். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்து, இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றது. செம்பருத்தி ஏமாற்றிவிட்டது: பூ தாளோடு படியாததால் ஓரமெல்லாம் மங்கி, வெறும் திட்டாக விழுந்திருந்தது. முருங்கையோ இலை இலையாக எண்ணும்படி வந்திருந்தது.

இரண்டாவது சுற்றில் பிள்ளைகள் மாறியிருந்தார்கள். எந்த இலையைப் பறிப்பதற்கு முன்பும் அதை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். எங்கே வெளிச்சம் ஊடுருவுகிறது, எங்கே தடுக்கிறது? செம்பருத்திக்காரி இந்த முறை தேடி எடுத்தது, நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் அரசிலைச் சருகு. நான் எதுவும் சொல்லித்தரவில்லை.

இந்தக் கலைக்கு வயது 180-ஐத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் 1842-இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஒரே கட்டுரையில், பூக்களின் சாறு வெயிலில் வெளுப்பதையும், இரும்பு உப்புகள் வெயிலில் நீலமாவதையும் எழுதினார். இரண்டாவதுதான் சயனோடைப். கட்டடக்காரர்களின் ‘புளூபிரிண்ட்’ பிறந்தது அதிலிருந்துதான். சாறு அச்சை வெளிச்சத்தில் நிலைக்க வைக்க வழியில்லை. நீல அச்சுக்கோ தண்ணீரில் அலசினாலே போதும்.

அந்த நீலத்தைக் கையில் எடுத்தவர் அன்னா அட்கின்ஸ். அவருக்கு நன்றாகவே வரைய வரும். தந்தை மொழிபெயர்த்த சிப்பி நூலுக்கு 200-க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தவர். ஆனால் முடியைப் போல மெலிந்த கடற்பாசியைப் பிழையில்லாமல் வரைவது கடினம் என்று உணர்ந்து, பாசியையே தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினார். 1843 முதல் பத்தாண்டுகள், பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட பிரிட்டன் கடற்பாசி நூலே ஒளிப்படங்கள் கொண்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக வெயிலில் அச்சானது. எழுத்துப் பக்கங்கள்கூட அவர் கையெழுத்தின் நீல அச்சுதான்.

எங்கள் மாடியில் கடைசி வேலை பாக்கியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு, வெண்காரம் கரைத்த நீரில் தாள்களை நான் முக்கி எடுத்தேன். மஞ்சள் இலைகள் கண்ணெதிரே செம்பழுப்பாயின. “ஆரத்தி!” என்று ஒரு குரல். சரிதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்து சிவப்பதும் இதே காரத்தன்மையால்தான். “இந்தப் படத்தைச் சுவரில் மாட்டாதீங்க, புத்தகத்துக்குள்ள வைங்க. வரைஞ்ச வெயிலே அழிச்சிடும்” என்று சொல்லி அனுப்பினேன்.

வரைய வராத பையன் மட்டும் போகவில்லை. அவன் வேப்பங்கொத்தின் ரம்பப் பற்கள் ஒன்று விடாமல் விழுந்திருந்தன. ஓர் இலையின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. “இது என்ன?” என்றேன். தாளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். “பூச்சி கடிச்ச ஓட்டை. பறிக்கும்போது நான் பார்க்கவே இல்லையே!”

தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பூச்சியைத் தேடி வேப்பமரத்துக்கு ஓடினான்.

(அடுத்த வாரம்: தண்ணீரில் மலரும் நீலம்)