புதிய விதிகள் வந்துவிட்டன: மாறலாமா, பழையதிலேயே இருக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் நமக்குச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள் என்பதுதான் அது. விண்டோஸ், பிரவுசர், ஆண்ட்டி வைரஸ் போன்றவற்றுக்கு இது மிகச் சரியான அறிவுரை. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத சிஸ்டத்துடன் இன்டர்நெட்டில் உலவுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போலத்தான்.

ஆனால் நிதானமாக யோசித்து, வேண்டுமானால் மட்டும் செய்ய வேண்டிய அப்டேட்டும் ஒன்று உண்டு. அது விளையாட்டின் விதிப் புத்தகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை இன்று பலரும் கம்ப்யூட்டர் வழியாகவே விளையாடுகிறார்கள். அதற்கு 2024ல் திருத்திய விதிகள் வந்தன. பழைய விதிகளில் ஆடி வருபவர்களுக்கும், இப்போதுதான் தொடங்குபவர்களுக்கும் இதனால் ஒரு கேள்வி எழுகிறது. எதில் ஆடுவது?

இது என்ன விளையாட்டு?

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 2016ல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரைப் பார்த்தவர்கள், அதில் சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக மாறி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வார்கள். அது நடக்குமா, நடக்காதா என்பதை 20 முகம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. ஹெட்போன், ஓரளவு வேகமான பிராட்பேண்ட், ஒரு பிரவுசர் போதும். ரோல்20 என்ற தளத்தில் இலவசமாகவே கணக்குத் தொடங்கி, வரைபடம், பகடை, கதாபாத்திரத் தாள் எல்லாவற்றையும் திரையிலேயே வைத்துக் கொள்ளலாம். நாங்கள் ஐந்து பேர், மதுரையில் ஒன்றாக இன்ஜினியரிங் படித்தவர்கள். நான் அலங்காநல்லூரில் இருந்தும், மற்றவர்கள் சென்னை, பெங்களூரு, கோவையில் இருந்தும் ஞாயிறு இரவுகளில் இப்படித்தான் ஆடுகிறோம்.

என்ன மாறியது?

இப்போதைய ஐந்தாம் பதிப்பு 2014ல் வந்தது. அதன் திருத்தம்தான் 2024 விதிகள். விளையாடுபவர் கையேடு 2024 செப்டம்பரிலும், கதை நடத்துபவர் கையேடு நவம்பரிலும், அரக்கர்கள் பற்றிய புத்தகம் 2025 பிப்ரவரியிலும் வெளியாயின. அடிப்படை மாறவில்லை. 20 முகப் பகடையை உருட்டி, அதனுடன் உங்கள் திறமைக்குரிய எண்ணைக் கூட்டுவது அப்படியேதான் இருக்கிறது. உள்ளே உள்ள பல சிறு விதிகள்தான் மாறியுள்ளன. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

காயம் ஆற்றும் மந்திரம்: முன்பு முதல் நிலையில் 8 முகப் பகடை ஒன்றை உருட்டுவோம். சராசரியாக 4.5 கிடைக்கும். இப்போது இரண்டு பகடைகள். சராசரி 9. தொடக்க நிலைப் போர்வீரருக்கு மொத்த உயிர்ப்புள்ளியே 12 அளவில்தான் இருக்கும் என்பதால் இது பெரிய வித்தியாசம்.

மருந்து குடிப்பது: முன்பு மருந்து குடித்தால் அந்தச் சுற்றில் வாள் வீச முடியாது. இப்போது கூடுதல் செயலாகக் குடித்துவிட்டு, வாளையும் வீசலாம்.

பாலடின்: இது புனித வீரர் பாத்திரம். முன்பு ஒரே சுற்றில் இரண்டு அடி விழுந்தால் இரண்டிலும் தெய்வீக சக்தியைச் சேர்க்கலாம். இப்போது சுற்றுக்கு ஒரு முறைதான்.

ஆயுதத் தேர்ச்சி: போர்வீரர் போன்ற பாத்திரங்களுக்கு, எந்த ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எதிரியைத் தள்ளுவது, கீழே விழ வைப்பது போன்ற புதிய வசதிகள் கிடைக்கின்றன.

இதிலிருந்து ஒன்று புரியும். திருத்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரி லாபம் தருவதில்லை. எங்கள் குழுவில் போர்வீரராக ஆடுபவர் உடனே மாறலாம் என்றார். இரண்டு வருடமாகப் பாலடினாக ஆடி வருபவரோ, என் பாத்திரத்தின் கையைக் கட்டிவிட்டுக் கதையைத் தொடரச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மாறாவிட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் விதி மாறினால் பேச்சுக்கே இடமில்லை. 2017ல் தமிழக அரசு கொண்டு வந்த விதிகளின்படி காளையின் திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். ஏற்காதவர் களத்தில் இறங்க முடியாது. அது உயிர் சம்பந்தப்பட்டது, சட்டம் சம்பந்தப்பட்டது. தாயக்கட்டை விஷயம் வேறு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது பொது. ஆனால் எதிரியின் காயை ஒரு முறையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம் என்பது சில வீடுகளில் உண்டு, சில வீடுகளில் இல்லை. ஆடுகிறவர்கள் ஒத்துக்கொண்டால் அதுதான் விதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த இரண்டாவது வகை.

இதற்குச் சரித்திரமும் இருக்கிறது. 2003ல் வந்த 3.5 பதிப்புக்குப் பின், 2008ல் நான்காம் பதிப்பு வந்தது. நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் பழையதிலேயே நின்றார்கள். பைஸோ என்ற நிறுவனம் 3.5 விதிகளை அடிப்படையாக வைத்து 2009ல் பாத்பைண்டர் என்ற விளையாட்டையே வெளியிட்டு வெற்றி பெற்றது. பழைய விதியில் நின்றவர்கள் தனித்து விடப்படவில்லை. விதிப் புத்தகத்துக்கு வைரஸ் வராது. பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் அதே போல வேலை செய்யும்.

கம்ப்யூட்டர் நமக்காக முடிவெடுக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அலமாரியில் உள்ள புத்தகம் தானாக மாறாது. ஆனால் ஆன்லைனில் உள்ள விதி, அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அங்கே மாற்றினால் உங்கள் திரையிலும் மாறிவிடும்.

2024 ஆகஸ்ட்டில் இப்படி ஒரு பிரச்னை வந்தது. டி அண்ட் டி பியாண்ட் என்பது இந்த விளையாட்டின் அதிகாரபூர்வ தளம். கதாபாத்திரத் தாள்களில் உள்ள 2014 மந்திரங்களும் பொருட்களும் 2024 வடிவத்துக்கு மாற்றப்படும் என்று அதில் அறிவித்தார்கள். பழையதே வேண்டும் என்பவர்கள் அவற்றைத் தாங்களே மீண்டும் உள்ளிட்டுக் கொள்ள வேண்டும் என்ற நிலை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பழையவை லெகசி என்ற அடையாளத்துடன் அங்கேயே இருக்கின்றன.

எனவே எந்தத் தளத்தில் ஆடினாலும் உங்கள் கதாபாத்திரத் தாளை பி.டி.எப். பைலாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

பணம் கொடுக்கும் முன் இதைச் செய்திடவும்

2024 கையேடு ஒன்றின் அமெரிக்க விலை 49.99 டாலர். மூன்று புத்தகம் என்றால் சுமார் 150 டாலர். முதல் நாளே இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. விதிகளின் முக்கியப் பகுதி, சிஸ்டம் ரெபரன்ஸ் டாக்குமெண்ட் என்ற பெயரில் பி.டி.எப். பைலாக இலவசமாகக் கிடைக்கிறது. 5.1 என்பது 2014 விதி. 5.2 என்பது 2024 விதி. 5.1ஐ 2023 ஜனவரியிலும், 5.2ஐ 2025 ஏப்ரலிலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். இந்த உரிமத்தில் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் தமிழில்கூட மொழிபெயர்த்து வெளியிடலாம். பாத்திர வகைகள் எல்லாம் இவற்றில் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பிரிவு மட்டுமே இருக்கும். சோதித்துப் பார்க்க இது தாராளம்.

1. இரண்டு பைல்களையும் டவுன்லோட் செய்து, விதி 2014, விதி 2024 என இரண்டு தனித்தனி போல்டர்களில் வையுங்கள்.

2. உங்கள் பாத்திரம் அடிக்கடி பயன்படுத்தும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி, இரண்டு பைல்களிலும் அவற்றைத் தேடி ஒப்பிடுங்கள்.

3. நடந்து வரும் கதையைத் தொடாமல், ஒரே இரவில் முடியும் சிறு கதை ஒன்றைப் புதிய விதியில் ஆடிப் பாருங்கள்.

4. பிறகு குழுவில் பேசுங்கள். யாருக்கு நஷ்டமோ, அவரை முதலில் பேச விடுங்கள்.

5. ரோல்20 தளத்தில் புதிய ஆட்டம் தொடங்கும்போது, 2014 தாளா, 2024 தாளா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டையும் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பழைய கதைப் புத்தகங்களைப் புதிய விதியில் நடத்தலாம். ஆனால் ஒரே பெயருள்ள மந்திரம் இரண்டு புத்தகத்திலும் வேறு வேறு மாதிரி வேலை செய்யும். இரண்டு போல்டரில் ஒரே பெயரில் இரண்டு பைல் இருந்தால் எவ்வளவு குழப்பமோ, அவ்வளவு குழப்பம் வரும். எது நம் விதி என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

எங்கள் குழு, நடந்துவரும் கதையை 2014 விதியிலேயே முடிப்பது என்றும், மருந்து குடிக்கும் புதிய விதியை மட்டும் சேர்த்துக் கொள்வது என்றும், அடுத்த கதையை 2024ல் தொடங்குவது என்றும் முடிவு செய்தது. பாலடின் தன் இரண்டு அடிகளோடு கடைசிப் போருக்குப் போவார். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் பாதுகாக்க வேண்டிய பழைய கதை எதுவும் இல்லை. இலவச 5.2 பைலுடன் நேராக 2024 விதியில் தொடங்குங்கள். சேரப்போகும் நண்பர்கள் ஏற்கனவே 2014ல் ஆடுகிறார்கள் என்றால் அவர்கள் விதியிலேயே உட்காருங்கள். இந்த விளையாட்டில் புத்தகத்தைவிட நண்பர்கள் கிடைப்பதுதான் கஷ்டம்.