43 படகு, ஒரே கோடு: நேத்ரா குமணன் ஓட்டுற ரேஸ்

போன எபிசோட்ல தூத்துக்குடி தோணியைப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுல நின்னுச்சு: பாய் விரிச்சு ஓட்டுறதை இன்னைக்கு ஒருத்தர் தொழிலா எடுத்துக்க முடியுமா? சரக்கு ஏத்திப் போறதா இல்லாம, பந்தயமா எடுத்துக்கலாம். தமிழ்நாட்டுல அதுக்கு நல்ல உதாரணம் சென்னை நேத்ரா குமணன்.

1997-ல பிறந்தவங்க. 12 வயசுல ஒரு கோடைக்கால முகாம்ல பாய்மரப் படகு ஏறினாங்க. 2014, 2018 ஆசிய விளையாட்டு, 2020 ஜனவரியில மயாமி உலகக் கோப்பைத் தொடர்ல வெண்கலம். 2021 ஏப்ரல்ல ஓமன்ல நடந்த தகுதிப் போட்டியில ஒலிம்பிக் இடம். பாய்மரப் படகுல ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் இவங்கதான். டோக்கியோவுல 44 பேர்ல 35-வது இடம்.

35-வதுன்னதும் 'அவ்வளவுதானா'ன்னு தோணும். அந்த ரேஸ் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா அப்படித் தோணாது.

படகு பேரு ஐஎல்சிஏ 6. நீளம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, ஒரே பாய், ஒரே ஆள். எல்லாருக்கும் அச்சு அசல் ஒரே படகுங்கிறதால காசு கொட்டி வேகமான படகு வாங்கி ஜெயிக்க முடியாது. தண்ணியில கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. நாப்பது சொச்சம் படகும் அதுக்குப் பின்னால முட்டி மோதி நின்னு, நேரம் வந்ததும் ஒண்ணாப் பாயணும். ஒரு நொடி முந்தினாலும் அந்த ரேஸ்ல கடைசி ஆளை விட மோசமான புள்ளி கிடைக்கலாம். தயங்கினா, முன்னாடி போற படகுங்க உங்க காத்தை மறைச்சிடும். எதிர்க்காத்துல நேரா போக முடியாது. வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். காலைப் பட்டையில மாட்டிக்கிட்டு, உடம்பை வெளியே தொங்கவிட்டு, படகு சாயாம பிடிச்சுக்கணும். தொடை எரியும்.

எத்தனாவதா வர்றீங்களோ அதுதான் புள்ளி, குறைவா எடுத்தவங்க ஜெயிப்பாங்க. பல நாள், பல ரேஸ். ஒரே ஒரு மோசமான ரேஸைக் கழிச்சுக்கலாம். பதக்கப் பந்தயத்துக்கு முதல் 10 பேர்தான். அதனால ஒரு நாள் மின்னினா போதாது. பாரிஸ் ஒலிம்பிக்ல இதை நேத்ராவே பாத்தாங்க. 2024 ஏப்ரல்ல பிரான்ஸ் இயேர்ல நடந்த கடைசி வாய்ப்புப் போட்டியில இடம் பிடிச்சு, மார்சேய் கடல்ல முதல் ரேஸ்லயே 6-வதா வந்தாங்க. தொடர் முடியும்போது 43 பேர்ல 21-வது. டோக்கியோவோட ஒப்பிட்டா பெரிய ஏற்றம்தான்.

இதுல நம்ம ஊரு எங்க வருது? முத்துக்குளிக்கிற காலத்துல படகுங்க நடுராத்திரி கரைக்காத்துல கிளம்பி, முத்துப் பாருல வேலையை முடிச்சு, மத்தியானம் கடல்காத்துல திரும்பும். கைக்கடிகாரம் இல்லாமலே காத்தோட நேரம் தெரிஞ்ச ஜனம். ஆனா டோக்கியோவுக்குப் போன 4 இந்தியப் பாய்மர வீரர்கள்ல 3 பேர் சென்னை. நாலாவது ஆள் விஷ்ணு சரவணன், வேலூர்ல பிறந்த ராணுவ வீரர். தூத்துக்குடி பேரு இல்ல.

காத்து தெரிஞ்சா மட்டும் போதாதுங்கிறதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். கோட்டுல முட்டி மோதுறதைத் தனியா ஓட்டிக் கத்துக்க முடியாது. கூட 30, 40 நல்ல ஆட்கள் தண்ணியில இருக்கணும். அதுக்காகத்தான் நேத்ரா ஸ்பெயினோட கிரான் கனேரியா தீவுல போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தாங்க. அந்தச் செலவை எத்தனை வீடு தாங்கும், சொல்லுங்க.

கூட்டத்தை உருவாக்க முடியாதா என்ன? மத்தியப் பிரதேசத்துல கடலே இல்ல. போபால் ஏரியில இருக்கிற பயிற்சிப் பள்ளியில படிச்ச நேஹா தாக்கூர், ஒரு விவசாயி பொண்ணு, 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வெள்ளி வாங்கினாங்க. திரேஸ்புரத்துக்காரங்க இதைக் கேட்டா சிரிக்கிறதா, கோபப்படுறதான்னு தெரியாது.

வீட்டுல 10, 12 வயசுத் தம்பி தங்கச்சி இருந்தா ஒரு விஷயம். குழந்தைங்க ஆரம்பிக்கிற சின்னப் படகு ஆப்டிமிஸ்ட். அதுல ரேஸ் ஓட்ட வயசு வரம்பு 15.