அத்தையின் முழுக்கைச் சட்டை

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மல்லாட்டைக் கொல்லையில் இரண்டாம் களை எடுத்து மண் அணைத்துக்கொண்டிருந்தோம். நானும் இன்னும் ஐந்து பேரும். பத்தரை மணி வாக்கில் வங்கியிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க நகைக்கடனுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறதா இருந்தா ஒரு மணிக்குள்ள வந்துடுங்க."

கொல்லையிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சேலை மாற்றினால் பதினொன்றே கால் பஸ் போய்விடும். அடுத்தது ஒன்றரை மணிக்குத்தான். பணம் கையில் இருந்தது. கொத்தை வரப்பில் போட்டுவிட்டு அப்படியே ஏறிவிட்டேன். உடம்பில் பழைய நூல் சேலை, அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு, காலில் செம்மண்.

வங்கி வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். "ஏம்மா, நூறு நாள் வேலைக் காசா? உள்ள கூட்டமா இருக்கு, அப்புறம் வா." நகைக்கடன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "காலைக் கழுவிட்டு வா."

காலைக் கழுவச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தரையைத் துடைப்பவரும் ஒரு பெண்தான். எதிரே டீக்கடைக் குழாயில் கழுவிவிட்டு உள்ளே போனேன். நகைக்கடன் பார்ப்பவர் தலையை நிமிர்த்தவில்லை. "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டுக்கொண்டே மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். கைநாட்டு வைக்க. நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். வேண்டுமென்றேதான் இங்கிலீஷில் போட்டேன். பி.காம் முடித்தவள் நான், 1994-ல். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "உட்காருங்க மேடம்" என்றார்.

நியாயமாக எனக்கு அந்த நேரத்தில் திருப்தி வந்திருக்க வேண்டும். வந்ததும் உண்மை, ஒரு நிமிஷம். பிறகு பக்கத்தில் பார்த்தேன். என்னைப் போலவே சட்டை போட்ட ஒரு பாட்டி கையில் பாஸ்புக்கோடு நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலில் ஏற்கெனவே மை. அவருக்கு நாற்காலியும் வரவில்லை, 'ங்க'வும் வரவில்லை. எனக்குக் கிடைத்த மரியாதை என் படிப்புக்குக் கிடைத்தது. சட்டைக்குள் இருக்கிற உழைப்புக்கு அங்கே ஒரு பைசா மதிப்பில்லை.

இந்தச் சட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயலில் இறங்கும் நம் பெண்கள் எல்லோரும் போடுவதுதான். புருஷன் போட்டுக் காலர் நைந்தது, மகன் போட்டுச் சிறுத்துப்போனது. யாரும் புதிதாக வாங்குவதில்லை. நெல் தாள் கையைக் கீறாமல் இருக்கவும், கம்பு சோளத்தின் சொணை உடம்பில் படாமல் இருக்கவும், வெயிலுக்கும் கொசுவுக்கும் இதைவிட நல்ல உடுப்பு கிடையாது. சேலை நகராது, முந்தானை விலகுமோ என்ற கவலை இல்லாமல் குனிந்து நிமிரலாம். நூல் துணியாக இருந்தால் வேர்வையைக் குடித்துக்கொண்டு பிறகு குளிர்ச்சியாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் பை இருக்கிறது. சேலைக்கும் ரவிக்கைக்கும் பை வைக்க வேண்டும் என்று இத்தனை காலத்தில் யாருக்கும் தோன்றவில்லையே! போன், பஸ் காசு, விதை முடிச்சு, பீர்க்கு கட்டச் சணல், எல்லாம் அந்தச் சட்டைப் பையில்தான்.

ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து ரோட்டுக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது அந்தச் சட்டையைக் கழற்றுவதுதான். சுருட்டிக் கூடைக்குள் வைத்து, மேலே கீரையையோ புல்லையோ போட்டு மூடிவிடுவார்கள். பஸ்ஸில் யாரும் பார்த்துவிடக்கூடாது. சட்டையைப் பார்த்தால் கூலிக்குப் போகிறவள் என்று தெரிந்துவிடும். கூலிக்குப் போகிறவள் என்று தெரிந்தால், எந்தத் தெரு என்று அடுத்த கணக்கு ஓடும். நம் ஊரில் துணியைப் பார்ப்பது வெறும் துணியைப் பார்ப்பது இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டு என்று ஒரு சாராரைச் சொல்லி வைத்திருந்த ஊர்கள்தானே நம்முடையவை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மூட உரிமை கேட்டு எத்தனை வருஷம் அடிபட்டார்கள். 1859-ல்தான் அதற்கு அரசாணையே வந்தது.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் மகன் ஒன்றாம் வகுப்பு படித்தபோது டவுனில் ஒரு இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்திருந்தோம். சாயங்காலம் அவனைக் கூட்டிவருவது என் மாமியார். அத்தை காலையில் கழனிக்குப் போனால் மூன்று மணிக்கு அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போய்விடுவார். சட்டையோடு, தலைத்துண்டோடு. ஒருநாள் பெற்றோர் கூட்டத்தில் இன்னொரு குழந்தையின் அம்மா என்னிடம், "உங்க வீட்டு வேலைக்காரம்மா பையனை நல்லா பார்த்துக்கிறாங்க" என்றார். அது எங்க மாமியார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்துவைத்தேன்.

அன்று ராத்திரி சோறு போடும்போது, "அத்தை, நாளையிலிருந்து ஸ்கூலுக்குப் போறப்ப அந்தச் சட்டையைக் கழட்டிட்டுப் போங்களேன்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி" என்றார். மறுநாளிலிருந்து சட்டையும் போடவில்லை, பள்ளி வாசலுக்கும் போகவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்று பையன் வெளியே வருவதைப் பார்த்து, ரோட்டைத் தாண்டி வந்து கூட்டிப்போவார். நான்கு வருஷம். லாரி ஓடுகிற ரோடு அது.

அத்தை போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வங்கிக்குப் போய்வந்த அன்று ராத்திரி சென்னையிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். ஆயா புளியமரத்தடியில் நின்றது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சொன்னது: "ஆயா சட்டைப் பையில வறுத்த மல்லாட்டை இருக்கும்மா. அப்புறம் ஒருநாள் இல்லாமப்போச்சு. ஏன்னு அப்ப எனக்குத் தெரியல."

நான் அன்று போட்டிருந்தது அத்தையின் சட்டைதான். மாமனாருடையதாக இருந்து அவருக்கு வந்தது, அவரிடமிருந்து எனக்கு.

இதற்கு நேர் மாறான ஒரு கதையும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் கணக்கு முழுசாகாது. மாதம் ஒரு ஞாயிறு டவுனில் நடக்கும் இயற்கைச் சந்தைக்கு மாப்பிள்ளைச் சம்பா அரிசியும் மரச்செக்கு எண்ணெயும் கொண்டுபோவேன். ஒருமுறை மூட்டை தூக்க வேண்டியிருந்ததால் சட்டையைப் போட்டுக்கொண்டே கடையில் நின்றேன். அன்றைக்குப் பதினோரு மணிக்கே அரிசி தீர்ந்துபோனது! "அப்படியே நில்லுங்கம்மா" என்று ஒரு பெண் போட்டோ எடுத்தார். "இவங்கதான் ஒரிஜினல் விவசாயி" என்று தன் பிள்ளையிடம் சொன்னார். பக்கத்துக் கடைத் தம்பி, ஏழு ஏக்கரில் பத்து வருஷமாக இயற்கை வேளாண்மை செய்பவர், இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டும் போட்டிருந்தார். அவரிடம் மூன்று பேர், "நீங்க எங்க வாங்கி விக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். பாவம், மனுஷன் நொந்துபோனார்.

வங்கியில் சட்டையைப் பார்த்து ஒதுக்கினார்கள், சந்தையில் சட்டையைப் பார்த்து நம்பினார்கள். இரண்டு இடத்திலும் என் மண்ணில் என்ன போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சகவ்யம் எத்தனை தடவை தெளித்தாய், விதை எங்கே எடுத்தாய் என்று கேட்டால் அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பேன். அதனால் சந்தைக்கு வருகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: துண்டையும் தாடியையும் பார்த்து அரிசி வாங்காதீர்கள். நிலத்தை வந்து பாருங்கள்.

உடனே சிலர் சொல்வார்கள், காந்தி சட்டையைக் கழற்றவில்லையா, நம்மாழ்வார் அய்யா சட்டை போடாமல் எல்லா மேடையும் ஏறவில்லையா என்று. காந்தி மதுரையில் 1921 செப்டம்பர் 22-ல் அரையாடைக்கு மாறியது, இடுப்புத் துணிக்கு மேல் வழியில்லாத ஏழைகளைப் பார்த்துவிட்டுத்தான். அய்யாவும் வெற்றுடம்பும் பச்சைத் துண்டுமாகத்தான் நமக்கெல்லாம் நினைவில் இருக்கிறார். இரண்டு பேர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது அவர்களாகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கோலத்தில் அவர்கள் வாசலுக்கு வந்தால் நாற்காலி போடுவார்கள். அதே கோலத்தில் பேர் தெரியாத ஆள் ஒருத்தர் வந்தால்?

அது என்ன ஆகும் என்று 2024-ல் பெங்களூரில் பார்த்தோம். பிப்ரவரியில் தலையில் மூட்டையோடு வந்த ஒரு விவசாயியை, துணி சரியில்லை என்று மெட்ரோ ரயில் நிலையத்தில் நிறுத்திவைத்தார்கள். கூட வந்த பயணிகள் சண்டை போட்டதால் உள்ளே போனார். ஜூலையில், மகனோடு படம் பார்க்க டிக்கெட் எடுத்து வந்த வயதான விவசாயி ஒருவரை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று ஒரு வணிக வளாகத்தில் விடவில்லை. ஊர் கொதித்து, அந்த வளாகத்தை ஏழு நாள் மூடச் சொன்னது கர்நாடக அரசு.

நம் மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது. வேட்டியோ நம் பாரம்பரிய உடையோ உடுத்தி வருபவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் நீதிபதியின் வெள்ளை வேட்டிக்கு ஒரே மாதத்தில் வந்தது. சேலைக்கு மேல் போட்ட பழைய ஆம்பளைச் சட்டை எந்தப் பாரம்பரியத்தில் சேரும்? மடித்துக் கட்டிய லுங்கி? முழங்கால் வரை சேறு? அதையெல்லாம் சட்டம் போட்டுச் சரிசெய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். நானே என் வீட்டுக்குள் சரியாக நடக்கவில்லையே.

நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு முன் எங்கள் நிலத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தார். புதிதாக நிலம் வாங்கியவர். உடம்பெல்லாம் பை வைத்த பேண்ட், பெரிய தொப்பி, முழங்கால் வரை கம்பூட். வரப்பில் நடந்து வரும்போதே எங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "யக்கா, புலி வேட்டைக்கு வந்துட்டாரு" என்றாள் ஒருத்தி. நானும்தான் சிரித்தேன். மறுநாள் அவர் கம்பூட்டைக் காரிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். எல்லோரும் கைதட்டினோம், இப்பத்தான் விவசாயி ஆனீங்க என்று.

அந்த ஐப்பசியில் எங்கள் ஊரில் வரப்பில் புல் அறுத்தவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார், ஆனால் சிறுநீரகத்துக்கு இன்னும் மருந்து சாப்பிடுகிறார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனம். கடி விழுவது பெரும்பாலும் காலில். நாங்கள் சிரித்துக் கழற்ற வைத்தது அந்தக் காலுக்குப் போட்ட கவசத்தை.

நடவுச் சேற்றில் கம்பூட் உதவாது. உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், காலை எடுக்க முடியாது. ஆனால் வரப்பில் புல் அறுக்க, ராத்திரி மடை திருப்ப, வைக்கோல் போர் பிரிக்க, கரும்புச் சோகை உரிக்க, மூடாக்குப் போட்ட தோட்டத்தில் நடக்க, கட்டாயம் வேண்டும். நம் முறையில் மூடாக்கு அதிகம், அதற்குள் எலியும் அதிகம், எலிக்குப் பின்னால் வருவதும் அதிகம். போடுவதற்கு முன்னால் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் ஒளிந்திருக்கும்.

அந்தத் தம்பிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அக்கா" என்றார். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டு டவுனில் தேடிப்போனேன். கடைக்காரர், "யாருக்கு? ஆம்பளைங்களுக்கா?" என்றார். பொம்பளைங்களுக்கு என்றேன். சின்ன அளவு இல்லை என்றார். ஏழுக்குக் கீழே யாரும் கேட்பதே இல்லையாம். ஆறு ஜோடி எடுக்கிறேன், வரவழையுங்கள் என்று முன்பணம் கொடுத்துவந்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது. எங்கள் ஆட்களில் இரண்டு பேர்தான் இப்போதைக்குப் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு இன்னும் கூச்சம். "எம்மா, போலீஸ்காரி மாதிரி இருக்கும்மா" என்கிறார்கள்.

நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. மல்லாட்டை நல்லபடியாக வந்தால் இந்தத் தையில் மீட்டுவிடலாம். அதே நேரம் களைவெட்டு இருக்கும். அதே பதினொன்றே கால் பஸ்தான். டீக்கடைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, சட்டையோடு போவேன். அந்தப் பாட்டி எந்த ஊர் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவருக்கும் அன்றைக்கு வேலை இருந்தால் சேர்ந்தே போகலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.