படநினைவகப் பகிர்வும் அதன் சோதனையும்

கணிப்பொறியில் ஒரு நிரலின் நினைவகம் மற்றொன்றிற்கு மூடிய அறையாகும். ஒன்று தீட்டிய படத்தைப் பிறிதொன்று திரையிட வேண்டின் படியெடுத்தலே எளிய வழி. ஆயினும் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடைய படம், புள்ளிக்கு 4 பைட்டு வீதம், ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டுகளாகும். அதனை நொடிக்கு 60 முறை படியெடுத்தல் வீண் சுமையன்றோ!

2018-இல் வெளியான வல்கன் 1.1 விதிமுறை, ஒரே படநினைவகத்தை இரு நிரல்களும் பகிர்ந்துகொள்ள வழிவகுத்தது. எல்லா வரைகலைச் சில்லுகளும் இதற்கு இடந்தருவதில்லை. இடந்தரும் சில்லும் எல்லாப் பட வடிவங்களையும் ஏற்பதில்லை. ஆதலின் வடிவந்தோறும் சில்லினை வினவுதல் வேண்டும். அதன் விடை மட்டும் போதாது. முன்னரே வகுத்த வண்ணக் கட்டங்களை முதல் நிரல் எழுத, இரண்டாம் நிரல் புள்ளிதோறும் படித்து ஒப்புநோக்குதலே மெய்யான சோதனை.

எழுதி முடிந்ததை உணர்த்தும் குறிக்குச் செமஃபோர் என்று பெயர்; இருப்புப்பாதைக் கைகாட்டியின் பெயரே அது. அக்குறியும் பகிரப்படாவிடில், பாதி பழையதும் பாதி புதியதுமான படம் தோன்றக்கூடும். இப்பிழை எப்போதேனும் ஒருமுறையே தலைகாட்டுமாதலின், ஒரே சோதனையைப் பன்முறை திரும்பத் திரும்ப நிகழ்த்த வேண்டியுள்ளது.