குணமாக்கியது மருந்தா, வசதியா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துச் சகோதரர்களுக்கு ஜவ்வாது மலை புதிதல்ல. அந்த மலையிலும் சமவெளியில் திமிரி வட்டாரத்திலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி 'டீவார்ம்3' என்ற ஆய்வை நடத்தியது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாக நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும்; இரத்தசோகை வரும். பிள்ளைகளுக்கு மட்டும் பூச்சி மாத்திரை கொடுத்தால் போதுமா, ஊரில் அனைவருக்கும் கொடுத்தால்தான் புழு பரவுவது நிற்குமா என்பதே கேள்வி. மொத்தப் பகுதியையும் 40 தொகுப்புகளாகப் பிரித்து, எந்தத் தொகுப்பில் எந்த முறை என்பதைக் குலுக்கலில் விட்டார்கள்.

ஏன் குலுக்கல்? மாத்திரை வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் என்ன ஆகும்? சாலையோரம் இருப்பவர், செருப்பும் கழிப்பறையும் உள்ளவர் முதலில் வாங்கியிருப்பார். அவருக்குப் புழு எப்படியும் குறைவுதான். பெயரோ மாத்திரைக்குப் போகும். மருத்துவமனையில் இது தலைகீழ்: நோய் முற்றியவருக்கே கடுமையான மருந்து தருவதால், மரணம் அந்த மருந்தின் தலையில் விழும். பயணத்துக்கு எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்பதை நபி (ஸல்) அவர்கள் குலுக்கலில் தீர்மானித்ததை நாம் ஓதியிருக்கிறோம். ஒரு பக்கச் சாய்வு நுழையாமல் தடுப்பது அதன் பயன்களில் ஒன்று; இங்கும் அதுவே.

எல்லாவற்றுக்கும் குலுக்கல் போட முடியாது. புகைபிடிக்கும்படி யாரையும் கட்டளையிட முடியுமா? அப்போது கையில் இருப்பவை பழைய பதிவேடுகள் மட்டுமே. அவற்றிலிருந்து மருந்தின் பலனைக் கணிக்கத்தான் நியூரல் நெட்வொர்க். ஊரி ஷாலித், ஃபிரெட்ரிக் யோஹான்சன், டேவிட் சான்டாக் ஆகியோர் 2017-இல் முன்வைத்த 'டார்நெட்' ஒரு மரம் போன்றது. வயது, நோயின் நிலை முதலிய விவரங்கள் பொதுவான அடிமரத்தில் சேரும். பிறகு இரண்டு கிளைகள்: மருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று ஒன்று கணிக்கும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த நபருக்கு மருந்தின் பலன்.

ஆனால் பதிவேட்டில் செருப்பைப் பற்றிய விவரமே இல்லையென்றால்? எத்தனை லட்சம் பதிவுகள் இருந்தாலும் வலைப்பின்னலுக்கு அது தெரியவராது. அறிவிப்பாளர் தொடர் அறுந்த ஹதீஸை அதன் வாசக அழகு காப்பாற்றாததைப் போலத்தான். 'செயற்கை நுண்ணறிவே கண்டுபிடித்த மருந்து' என்று வாட்ஸ்அப்பில் வருவதை வீட்டாருக்கு அனுப்புமுன், குலுக்கல் நடந்ததா, பதிவேடு என்றால் அதில் எவற்றை எழுதி வைத்தார்கள் என்று கேளுங்கள். மலை உச்சிக் குக்கிராமத்தில் ஒருவருமே மாத்திரை பெறவில்லை என்றால், அவர்களுக்காக 'எடுத்தால்' கிளை சொல்லும் எண் வெறும் ஊகம்தான்.