தீர்த்தமும் உயிர்க்காற்றும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றினையும் ஒருங்கே போற்றுதல் நம் மரபு. முன்னிரண்டையும் நாள்தோறும் போற்றுகின்றோம். தீர்த்தத்தையோ தெப்பத் திருநாளில்தான் நினைக்கின்றோம்.

செஞ்சி வட்டாரத்துப் பனமலையில், இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாலகிரீசுவரர் திருக்கோயில் குன்றின்மேல் விளங்குகின்றது. (தாலம் என்பது பனை, இரு பெயரும் ஒரு பொருளனவே.) அங்கு நின்று நோக்கின், கீழே ஏரி விரிந்து கிடக்கும். காற்று வீசுந்தோறும் அலை எழுந்து மடியும். அவ்வலையினால் ஏரி மூச்சு வாங்குகின்றது எனலாம். மீனுக்கு வேண்டுவது நீரில் கரைந்த பிராணவாயு. அது மேற்பரப்பின் வழியேயும் உட்புகுவது. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து ஏற்பது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே, வெப்பம் ஏறின் அதுவும் குறையும்.

ஊர் நடுவே மதிலும் வீடும் சூழ்ந்த திருக்குளத்திற்கு அவ்வலை ஏது? போதாக்குறைக்கு, நாம் புண்ணியமெனக் கருதிப் பொரியும் மாவும் மலரும் இடுகின்றோம். மீன் உண்டு எஞ்சியவை அடியில் அழுகும். அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் மீனுக்குரிய பிராணவாயுவையே உட்கொள்ளும். நீரைப் பசுமையாக்கும் பாசி பகலில் பிராணவாயுவை வழங்கினும், இரவில் தானும் அதனை நுகரும். ஆதலின் விடியலுக்கு முன்னரே குறைவு மிகுதி. அவ்வேளையில் மீன்கள் மேலெழுந்து வாய் திறந்து மூடுவதைக் கண்டு, "சுவாமி தரிசனத்திற்கு வந்தன" என மகிழ்வாரும் உளர். அந்தோ! அவை மூச்சுக்குத் தவிக்கின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. நீரை இறைத்து, உயரத்திலிருந்து பல தாரைகளாகக் குளத்திலேயே விழச் செய்யலாம். அல்லது குழாய் வழியே காற்றை அடியிற் செலுத்தி நுண்குமிழிகளாக எழுப்பலாம். குமிழி சிறிதாயின் பயன் பெரிது; அடிநீரும் மேலெழுந்து காற்றைத் தீண்டும். பகலில் மட்டும் இயக்கி இரவில் நிறுத்துவது பேதைமை. பல்லாண்டு சேறு படிந்த குளத்தில் அடியை ஒரே நாளில் கலக்குதலும் ஆகாது. சேற்றில் அடங்கிய நச்சுவாயு வெளிப்பட்டு மீன் மடியும். நாளுக்குச் சிறிது நேரமாகத் தொடங்கி, படிப்படியே நீட்டித்தல் வேண்டும். காற்றூட்டல் சேற்றை அகற்றாது. கோடையில் தூர்வாருதல் அதற்குரிய தனிப்பணி.

பொரியைப் பற்றி ஒரு சொல். மீன்கள் சில நிமிடங்களில் உண்டு தீர்க்கும் அளவே, வெயில் ஏறிய பின்னர் இடுக. வானம் மூடிய நாளில் இடாதிருத்தல் நலம்.