லடாக் வானில் சிவப்பு ஒளி!

2024-ம் ஆண்டு மே மாதம் ஓர் இரவு. லடாக்கில் உள்ள ஹான்லேயில் வடக்கு அடிவானம் சிவந்தது. வானாராய்ச்சி நிலையத்தின் கேமராக்கள் அதைப் படம் பிடித்தன.

அது என்ன? துருவ ஒளி!

சூரியனில் புயல் எழும்போது மின் துகள்கள் பூமியை நோக்கிப் பாய்கின்றன. பூமியின் காந்த சக்தி அவற்றைத் துருவங்களின் பக்கம் திருப்புகிறது. அவை காற்றில் உள்ள பிராண வாயுவுடன் மோத, ஒளி பிறக்கிறது. 100 கிலோ மீட்டர் உயரத்தில் பச்சை. 200-க்கு மேல் சிவப்பு. தொலைவில் உள்ள லடாக்கிற்கு உச்சிச் சிவப்பு மட்டுமே தெரிந்தது.

வண்டலூர் மாடியில் நின்றால் தெரியுமா? தெரியாது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம்.

அழகிலும் ஆபத்து உண்டு. 1989-ம் ஆண்டு இத்தகைய புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருளில் மூழ்கியது. சூரியனைக் கண்காணிப்பது அவசியம். கொடைக்கானலில் 100 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பணி நடக்கிறது.